மனிதர் வண்ண மறுசீரமைப்பு எதிர்ப்பு அமைப்பு

காரைக்குடி சிவகாமி ஆச்சி நினைவு உயிரறிவியல் ஆய்வு நிலையத்துக்கு எந்தப் பொருள் வந்தாலும் இரண்டு தடவை வரும். முதல் தடவை ஆங்கிலத்தில் வரும். அடுத்த தடவை தமிழில் வரும். இரண்டும் ஒரே பொருளாக இருந்தாக வேண்டும் என்று நிலையத்தின் விதிகளில் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

நிர்வாகக் குழுவின் முன் வைக்கும் காகிதமெல்லாம் இனிமேல் தமிழில்தான் இருக்கும் என்று செயலாளர் தேனப்பன் ஒரு பொங்கல் விழா மேடையில் அறிவித்துவிட்டார். கைதட்டல் எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்ததால் அதைத் திரும்பப் பெற வழியில்லாமல் போயிற்று. ஆகவே தமிழாக்க அலுவலர் என்று ஒரு நாற்காலி செய்து, அதில் அழகுசுந்தரத்தை உட்கார வைத்தார்கள்.

அழகுசுந்தரம் தமிழ் முதுகலை. இலக்கணத்தில் தங்கப் பதக்கம். அறிவியல் தெரியாததை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. "பொருள் தெரிஞ்சவன் மொழிபெயர்த்தா பொருள் பக்கம் சாஞ்சிருவான். மொழி மட்டும் தெரிஞ்சவன்தான் நடுநிலையா நிப்பான்" என்பார். அவருடைய நடுநிலையில் 'சென்ட்ரிஃபியூஜ்' என்ற இயந்திரம், சென்டர் மையம், ரெஃபியூஜி அகதி என்று, 'மைய அகதி' ஆயிற்று. அகதியை எந்த முகாமில் பதிவு செய்தீர்கள் என்று குழு கேட்டது. பதில் வரும்வரை இயந்திரம் ரயில்வே பார்சல் ஆபீசில் கிடந்தது. செல் வளர்ப்பதற்கான 'செல் கல்ச்சர் ஹுட்' என்ற கண்ணாடிக் கூண்டை 'உயிரணுப் பண்பாட்டு முக்காடு' என்று அவர் எழுதியபோது, பண்பாட்டுக்கு நிலையம் செய்யும் சேவையைப் பாராட்டிக் குழு எழுந்து நின்றே ஒப்புதல் கொடுத்தது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆன் மேரி ஆய்வு மாணவியாக இருந்தாள். தேவகோட்டைப் பக்கத்துப் பெண். கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி பதில் சொல்லிவிடுவாள். பாதிரியாரிடம் பாவ சங்கீர்த்தனம் செய்ய நல்ல பழக்கம். நிலையத்தில் வேலைக்கு ஆகாத பழக்கம்.

அவளுக்கு வேண்டியது ஒரு சின்னக் குப்பி.

மனித உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாலு முழ வேட்டி நீளத்துக்கு ஒரு நூல் இருக்கிறது. நமது மரபு முழுக்க அந்த நூலில்தான் எழுதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்குள் அவ்வளவு நூலை வைக்க வேண்டுமென்றால் நூற்கண்டு நூற்கண்டாகச் சுற்றித் திணிக்க வேண்டும். சுற்றிவிட்டால் படிக்க முடியாது. படிக்க வேண்டிய இடத்தில் மட்டும் கண்டைத் தள்ளி, இளக்கி, வழிவிடுகிற புரதம் ஒன்று உண்டு. பி.ஆர்.ஜி. ஒன்று என்பார்கள். அதன் தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'குரோமட்டின் ரீமாடலிங்' என்று பெயர். சில புற்றுக்கட்டிகளில் இந்தப் புரதமே காணாமல் போய்விடுகிறது என்பது ஆன் மேரியின் சந்தேகம். மதுரையிலிருந்து வந்த கட்டித் துணுக்குகளை உறைபெட்டியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஓர் ஆன்டிபாடி வேண்டும். முயலின் ரத்தத்தில் உண்டாக்கிய அது, ஆயிரம் புரதங்களுக்கு நடுவே இந்த ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு சாயம் ஊற்றினால் ஒட்டிய இடம் ஊதாவாகத் தெரியும். அவ்வளவுதான் காரியம்.

வெளிநாட்டிலிருந்து அந்தக் குப்பி வர ஒரு வருஷம் பிடித்தது. அந்த மாதத்தோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. கடைசிச் சோதனை இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாவிட்டால், தேவகோட்டைக்கு பஸ் அடிக்கடி உண்டு.

சித்திரை வெயிலில் ஒரு நாள் தெர்மக்கோல் பெட்டி வந்து சேர்ந்தது. கூடவே 'ஹியூமன் குரோமட்டின் ரீமாடலிங் புரோட்டீன் ஆன்டிபாடி' என்று ஆங்கிலச் சீட்டும் வந்தது. சீட்டு அழகுசுந்தரத்தின் மேஜைக்குப் போயிற்று.

அவர் அவசரப்படவில்லை. 'ஆன்டி' என்றால் எதிர்ப்பு. அதில் சிக்கல் இல்லை. 'பாடி'தான் யோசிக்க வைத்தது. உடல் என்று போட்டால் பிணத்தை வரவழைத்ததுபோல் ஆகிவிடும். 'லோக்கல் பாடி' உள்ளாட்சி அமைப்பு; 'கவர்னிங் பாடி' நிர்வாக அமைப்பு; ஆகவே 'ஆன்டி பாடி' எதிர்ப்பு அமைப்பு. 'குரோமா' கிரேக்கத்தில் நிறம். வண்ணம் என்றால் ஓசை நன்றாக இருக்கும். 'ரீமாடலிங்' மறுசீரமைப்பு. 'ஹியூமன்' மனிதர். புரதத்தை மட்டும் விட்டுவிட்டார். அது கேன்டீன் சம்பந்தப்பட்ட சொல். சாயங்காலம் செயலாளரின் மேஜையில் தமிழ்ச் சீட்டு இருந்தது.

'ஆய்வு மாணவி ஆன் மேரி: மனிதர் வண்ண மறுசீரமைப்பு எதிர்ப்பு அமைப்பு. ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது.'

செயலாளர் இரண்டு தடவை படித்தார். மின்விசிறியை இன்னும் வேகமாக வைக்கச் சொன்னார்.

அவர் அப்படி வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. நிலையம் நடப்பது சொந்தக் கட்டடத்தில் இல்லை. பர்மாவில் வட்டித் தொழில் செய்த ஒருவர் கட்டிய பழைய செட்டிநாட்டு வீடு அது. இப்போது அதற்கு எத்தனை பங்காளிகள் என்று பங்காளிகளுக்கே தெரியாது. பினாங்கில், சென்னையில், கண்டனூரில், எங்கெங்கோ இருந்தார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடாது என்பது குத்தகைப் பேச்சு. உள்முற்றமான வளவைச் சுற்றி வரிசையாகப் பர்மா தேக்குத் தூண்கள். கட்டிப் பிடித்தால் கை எட்டாது. கடற்கரையில் ஓட்டல் கட்டுகிற ஒருவருக்கு அந்தத் தூண்கள் மேல் ஆசை. செயலாளருக்கு அந்த ஓட்டல்காரர் மேல் மரியாதை. தேக்கை உருவிவிட்டு, சிமென்டில் தூண் ஊற்றி, தேக்கு நிறத்தில் வண்ணம் பூசிவிடுவது என்று ஏற்பாடு. பூசுவது செயலாளரின் மச்சினன். கோப்பில் இதற்கு 'வண்ண மறுசீரமைப்பு' என்றுதான் பெயர்.

அந்த இரண்டு சொல்லையும் அவரும் மச்சினனும் தவிர யாரும் அறியமாட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது அதை எதிர்க்க வெளிநாட்டிலிருந்து ஓர் அமைப்பே வந்து இறங்கியிருக்கிறது.

பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். செயலாளர் அறையின் இரும்பு பீரோ மேல் அதை ஏற்றி வைத்தார்கள். விசாரணைக் குழு அமைந்தது. செயலாளரே தலைவர். ஓய்வுபெற்ற தாசில்தார் காசி, ஆன் மேரியின் வழிகாட்டிப் பேராசிரியர் மெய்யநாதன் இருவரும் உறுப்பினர்கள். குறிப்பு எடுக்க அழகுசுந்தரம்.

எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமலே ஆன் மேரி உள்ளே போனாள். போன உடனே அவள் கண் பீரோவின் மேல் விழுந்தது.

"சார், பெட்டியை ஃபிரிஜ்ல வைக்கணும். வெக்கையில கெட்டுப்போயிரும்."

அழகுசுந்தரம் குறித்துக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "அமைப்பைக் குளிர்ச்சியான இடத்தில் பாதுகாப்பாக வைக்கும்படி கோருகிறார்."

"பாத்தீகளா?" என்றார் தாசில்தார் காசி. "ஜெயில்ல வைக்கிறதுக்கு முன்னாடியே ஏ கிளாஸ் கேக்குறாக. நான் சர்வீஸ்ல எத்தன போராட்டம் பாத்திருப்பேன்!"

"அதெல்லாம் அப்புறம்" என்றார் செயலாளர். "இங்க பாரும்மா. பயப்படாம சொல்லு. இந்த அமைப்பை யாரு உண்டாக்குனது?"

"முயல்ல உண்டாக்குனது சார்."

தாசில்தார் நிமிர்ந்தார். "முயல்ங்கிறது யாரு? புனைபேரா?"

"இல்ல சார், முயல்தான். அதுக்கு ஊசி போட்டு, கொஞ்ச நாள் விட்டு, ரத்தம் எடுத்து..."

"ரத்தம்" என்று அழகுசுந்தரம் எழுதி அடிக்கோடு போட்டார்.

"மொத்தம் எத்தன பேரு?"

ஆன் மேரி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு துளியில் இருக்கும் மூலக்கூறுகளை எண்ணிச் சொல்ல முடியுமா? "சரியாத் தெரியாது சார். கோடானுகோடி இருக்கும்."

செயலாளர் தண்ணீர் குடித்தார்.

"எல்லாம் ஒரே ஊரா?"

"பாலிகுளோனல் சார். பல வம்சம். ஆனா எல்லாத்துக்கும் குறி ஒண்ணுதான்."

"என்ன குறி?"

"ரீமாடலிங் பண்றது எங்க இருந்தாலும் தேடிக் கண்டுபிடிச்சு ஒட்டிக்கிரும். என்ன கழுவுனாலும் விடாது. அப்புறம் இன்ன இடத்துலதான் இருக்குன்னு நிறம் காட்டிக் குடுத்துரும்."

செயலாளர் எழுந்து நின்றார். மேடை இல்லாத இடத்திலும் எழுந்து நின்றுதான் அவருக்குப் பேச வரும்.

"நான் ஒண்ணு சொல்றேன். இந்தக் கூட்டத்துக்கும் தேக்குத் தூணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தூணைப் பத்தி இங்க யாரும் பேசக்கூடாது. எந்தத் தூண்? எந்த ஓட்டல்? எனக்கு ஒண்ணும் தெரியாது. விஞ்ஞானத்துக்காக உசிரக் குடுக்குறவன் நான். ஒரு கட்டடத்துக்கு வேண்டியது கூரை. கூரை நிக்கிதா? நிக்கிது. கீழ நிக்கிறது தேக்கா சிமிண்டான்னு தட்டிப் பாத்தாத்தான தெரியும்? விஞ்ஞானிக வேலையப் பாப்பாகளா, தூணத் தட்டிக்கிட்டுத் திரிவாகளா? என் மச்சினன் அடிக்கிற பெயிண்டு தேக்கைவிடத் தேக்கு மாதிரி இருக்கும். ஆனா அப்படி ஒரு திட்டமே கிடையாது. எழுதிக்கங்க."

அழகுசுந்தரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நடுநிலையாக, ஒரு சொல் விடாமல்.

தூணைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆன் மேரி ஜன்னல் வழியாக வளவைப் பார்த்தாள். அத்தனை வருஷமும் அந்தத் தூண்களைச் சுற்றி நடந்திருக்கிறாளே தவிர, நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், நீங்களாவது சொல்லுங்க" என்று தன் பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

மெய்யநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஆன்டிபாடி என்றால் என்னவென்று அந்த அறையில் தெரிந்த இன்னொருவர் அவர். அடுத்த மாதம் அவருக்குப் பணி நீட்டிப்பு வர வேண்டும். "நான் என்ன சொல்றேன்னா, ஆன் மேரி சொல்றதுல உயிரியல் இருக்கு. அதே சமயம், செயலாளர் சொல்றதுலயும் ஒரு உயிரியல் இருக்கு" என்றார்.

பெட்டி பீரோ மேலேயே இருந்தது. உள்ளே வைத்திருந்த பனிக்கட்டிப் பைகள் உருகி, மூலையிலிருந்து நீர் சொட்டி, காந்தி படத்தின் மேல் கோடு போட்டது. ஆன் மேரி தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவாள். குப்பிக்குள் இருப்பது உலர்ந்த பொடி, உடனே கெட்டுவிடாது. ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த கட்டடத்தில், இரும்பு பீரோ மேல், எத்தனை நாள்? மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். மாதாவிடம் விஷயத்தை விளக்கியபோதுதான், தமிழில் அதற்கு என்ன சொல்வது என்று தனக்கும் தெரியவில்லை என்பது புரிந்தது.

இதற்குள் சேதி பின்கட்டுக்குப் போய்விட்டது.

பின்கட்டில் நாகவல்லி ஆச்சி குடியிருந்தார். ஊரில் இருக்கிற ஒரே பங்காளி வீட்டு மனுஷி. தன் பங்குக்கு வந்த இரண்டு அறைகளைப் பூட்டிக்கொண்டு, அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியில் சந்தைக்குப் போய் வருவார். ஒரு நாள் மத்தியானம் அவர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, தூணு போறத எதுத்து அமைப்பு ஆரம்பிச்சிருக்கியாமே. பங்காளி நான் ஒருத்தி இங்கயே இருக்கேன். எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஐயோ ஆச்சி, அது அமைப்பு இல்ல. மருந்து மாதிரி ஒண்ணு. குப்பியில இருக்கு."

ஆச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆமாமா. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு. வெவரமான புள்ளதான். என்னை அதுல என்னவாப் போட்டுருக்க?"

"ஆச்சி, சத்தியமா..."

"பொருளாளரு வேணாம். சனம் கண்டபடி பேசும். துணைத் தலைவின்னு போட்டுக்க."

போகிற வழியில் ஒரு தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தேக்குத்தான். திருப்தியோடு நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

அந்த வாரம் அப்பக்கம் எவரும் கேள்விப்படாத ஒன்று நடந்தது. பங்காளிகள் ஒன்று சேர்ந்தார்கள். ஒரு கதவு நிலைக்காகத் தாத்தா காலத்தில் பேச்சை விட்டவர்கள், ஒரு பித்தளை அண்டாவுக்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் வராமலே பேரன் பேத்தி கண்டவர்கள், எல்லாரும் எதிர்ப்பு அமைப்பில் உறுப்பினர் ஆனார்கள். பினாங்கிலிருந்து தந்தி வந்தது. சென்னையிலிருந்து வக்கீல் பேசினார். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்த ஆன் மேரி யாரு, எந்த வீட்டுப் பொண்ணு?"

செயலாளர் இளைத்துப் போனார். கோடானுகோடி என்று அந்தப் பெண் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை என்று அவருக்கு இப்போது நிச்சயமாயிற்று. மறுபடியும் குழு கூடியது. இந்தத் தடவை அவர் குரலில் வெல்லம் கரைந்திருந்தது.

"வா தாயி, உக்காரு. காப்பி குடிக்கிறியா? உன் மேல நடவடிக்கை ஒண்ணும் கிடையாது. நீயும் எனக்கு மகள் மாதிரி. உனக்கு வேண்டியது அந்தப் பெட்டி. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அமைப்பைக் கலைச்சாச்சுன்னு. கலைச்சிட்டு, பெட்டியை நீயே எடுத்துக்கிட்டுப் போயிரு. ஒருத்தரும் கேக்க மாட்டாக."

இல்லாத ஒன்றை எப்படிக் கலைப்பது என்று கேட்கத்தான் ஆன் மேரி வாயைத் திறந்தாள். அதற்குள் பெட்டியோடு வந்த சீட்டின் கடைசி வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. உபயோகிக்கும் முன் சுத்த நீரில் கரைக்கவும்.

"கரைக்கணும் சார்" என்றாள் மெதுவாக. "சீட்டுலயே போட்டுருக்கு. கரைக்கணும்னுதான் இருக்கு."

"கலைக்கணும்னு சொல்றேன், கரைக்கணும்ங்கிறாகளே!" என்றார் தாசில்தார். "இதுல ஏதோ சூது இருக்கு."

எல்லாரும் அழகுசுந்தரத்தைப் பார்த்தார்கள். தமிழாக்க அலுவலராக உட்கார்ந்த நாள் முதல் அவர் காத்திருந்த தருணம் இதுதான்.

"சாம்பல், சாம்பர் என்று வருவதில்லையா? பந்தல், பந்தர் என்று வருவதில்லையா? லகரம் நிற்கும் இடத்தில் ரகரம் வந்தாலும் பொருள் மாறாது. கலைப்பு, கரைப்பு இரண்டும் ஒன்றே. இதற்குப் போலி என்று பெயர்."

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போலியா? யார்யா போலி? தூணையா சொல்றீக?"

"இலக்கணப் போலி ஐயா. சொல்லில் வருவது."

"அப்படியா. சொல்லுலதான? அப்பச் சரி."

"ஆனா நம்ம கண்ணு முன்னால கரைக்கணும்" என்றார் தாசில்தார். "வெளிய கொண்டு போயிக் கரைச்சோம்னு சொல்றதெல்லாம் செல்லாது."

ஆன் மேரி ஓடினாள். அந்த நிலையத்தில் அத்தனை வேகமாக யாரும் எதற்காகவும் ஓடியதில்லை. சுத்த நீரும் சொட்டு விடும் பிப்பெட்டுமாகத் திரும்பி வந்தாள். அரக்கை உடைத்தார்கள். தெர்மக்கோலுக்கு நடுவே, வெதுவெதுத்த தண்ணீர்ப் பைகளுக்கு இடையில், கட்டைவிரல் உயரத்தில் ஒரு குப்பி. அதன் அடியில் பல்லி எச்சம்போல வெள்ளையாக ஒரு துளிப் பொடி.

"இம்புட்டுத்தானா?" என்றார் செயலாளர். "இதுக்குள்ளயா கோடானுகோடி?"

"ஆமா சார்."

"பினாங்குக்காரகளும் இதுல உண்டா?" என்று தாசில்தார் கேட்டார்.

"யாரு இருந்தாலும் இதுலதான் சார்" என்றாள் ஆன் மேரி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லாமல் விட்டாள்.

ஒரு சொட்டு விட்டாள். பொடி கரையாமல் திரிதிரியாக நின்றால் வெயில் அதைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். குப்பியை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள். வெள்ளை மங்கியது. அப்புறம் இல்லை. தெளிந்த நீர் மட்டும் இருந்தது.

தாசில்தார் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணையும் காணோம்!"

"கரைஞ்சிருச்சு சார்."

குழுவினர் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே நின்றார்கள். அழகுசுந்தரம் தீர்மானத்தை வாசித்தார். "மனிதர் வண்ண மறுசீரமைப்பு எதிர்ப்பு அமைப்பு குழுவின் முன்னிலையில் முழுமையாகக் கரைக்கப்பட்டது. எச்சம் எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை." மெய்யநாதன் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

"கரைச்ச தண்ணிய என்ன செய்யிறது?" என்று தாசில்தாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ராமேஸ்வரம் கொண்டு போறதா இருந்தா வண்டி ஏற்பாடு செய்யணும்."

"வேணாம் சார். நானே கண்காணாத எடத்துல விட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு, குப்பியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு ஆன் மேரி படியேறி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். நோயில்லாத திசுவின் புரதத்தை ஓரத்திலும் கட்டிகளின் புரதங்களைப் பக்கத்திலுமாக ஒற்றியெடுத்த வெள்ளைத் தாளை எடுத்து, அந்தத் தண்ணீரில் ஊறப் போட்டாள். அதைவிடக் கண்காணாத இடம் வேறு ஏது?

சாயங்காலம் நாகவல்லி ஆச்சி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"கலைச்சிட்டியாமே புள்ள. காப்பி குடுத்தாகளாம், கலைச்சிட்டியாம். பினாங்குக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"கலைக்கல ஆச்சி, கரைச்சேன்." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பொடியா இருக்கிற வரைக்கும் அது சும்மா கிடக்கும் ஆச்சி. ஒண்ணும் செய்யாது. தண்ணியில கரைச்சாத்தான் வேலையே செய்யும். ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பிரிஞ்சு போயித் தேடிப் பிடிச்சு ஒட்டும். நாளைக்குத்தான் தெரியும், உசிரோட இருக்கா இல்லையான்னு."

ஆச்சி இன்னும் கிட்டே வந்தார். "கரைச்சாத்தான் வேலை செய்யுமா?"

"ஆமா ஆச்சி."

"தனித்தனியாப் போயி ஒட்டுமா?"

"ஆமா."

ஆச்சி சாவியை இடுப்பில் அழுத்திச் செருகிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துப் பக்கம் போனார்.

மறுநாள் காலை ஆன் மேரி தாளைக் கழுவி, தட்டில் போட்டு, சாயத்தை ஊற்றினாள். ஒன்றும் இல்லை. தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து ஆட்டினாள். ஒன்றும் இல்லை. அப்போதுதான் கீழே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தட்டை வைக்க மனமில்லாமல் கையில் ஏந்தியபடியே மாடிக் கம்பி ஓரம் வந்து வளவை எட்டிப் பார்த்தாள்.

வாசலுக்கு வெளியே லாரியின் பின்கதவு திறந்திருந்தது. கயிறும் கடப்பாரையுமாக ஆட்கள் நின்றார்கள். வண்ண டப்பாவோடு மச்சினன் நின்றான். ஆனால் தூணை நெருங்க வழியில்லை. ஒவ்வொரு தூணிலும் ஒருவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்டனூர்க்காரர் ஒரு தூணில். அவரோடு அண்டா வழக்கு நடத்துகிற நாட்டரசன்கோட்டைக்காரர், எதிர்த் தூணில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சென்னை வக்கீல், கைக்குட்டையை விரித்துப் போட்டு. யாரும் யாரோடும் பேசவில்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை. வாசலை ஒட்டிய தூணில் நாகவல்லி ஆச்சி.

"இதென்ன அநியாயம்!" என்று செயலாளர் தீர்மானத்தின் நகலை ஆட்டினார். "இங்க பாருங்க ஆச்சி. நேத்தே அமைப்பைக் கரைச்சாச்சு. தீர்மானம் இருக்கு, கையெழுத்து இருக்கு. எச்சம் எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லைன்னு எழுதியே இருக்கு. இல்லாத அமைப்பு இங்க எப்படி உக்காரலாம்?"

ஆச்சி தூணை விட்டு நகரவில்லை.

"கண்ணுக்குத் தெரியாதுதான்யா" என்றார். "கரைச்சதுக்கப்பறம்தான அது வேலையே செய்யும்."

செயலாளர் அழகுசுந்தரத்தைப் பார்த்தார். அழகுசுந்தரம் லாரிக்கும் தூணுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சாயாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஏத்துறதா, திரும்புறதா?" என்று டிரைவர் கேட்டார்.

மாடியில் ஆன் மேரி தட்டைப் பார்த்தாள். தாளின் ஓரத்தில், நோயில்லாத திசு இருந்த இடத்தில், ஊதா நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கட்டிகள் இருந்த இடங்களில், அவள் நினைத்ததுபோலவே, வெறும் வெள்ளை.

கீழே லாரி வாசலை விட்டுப் பின்னுக்குப் போகிற சத்தம் கேட்டது.